முதல் வரி

கோப்பின் முதல் வரியில் என்ன இருக்கிறதோ அதுதான் தலைப்பு சித்தி, அதை மட்டும் மறந்துராதீங்க என்று அக்கா மகள் பிரமசக்தி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சண்முகக்கனி மறக்கவில்லைதான். ஆனாலும் காப்பி ஆறிப்போகும் வரை உட்கார்ந்து, கறுப்புத் திரையில் அவள் சொல்லிக்கொடுத்த ஒற்றைச் சொல்லைத் தட்டி, எண்டரை அமுக்கி, கோப்புகள் எல்லாம் வலைப்பூப் பக்கங்களாக மாறிவிட்டன என்று கணினி சொன்ன பிறகு முகப்பைத் திறந்து பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே தலைப்பு. உழைக்கும் தோழர்களே, தோழியர்களே. அதற்குக் கீழே உழைக்கும் தோழர்களே, தோழியர்களே. அதற்கும் கீழே அதுவே. கணினிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகுதான் உறைத்தது, கிறுக்கு கணினிக்கு இல்லை. குடிதண்ணீர்த் தொட்டிக்காக நடந்த சண்டையை எழுதினாலும் சரி, மழைக்காலப் படிப்பணத்தைப் பற்றி எழுதினாலும் சரி, தன் தாயார் செத்த அன்று மனசு தாங்காமல் எழுதி வைத்த நாலு வரியானாலும் சரி, ஆட்களைக் கூப்பிடாமல் அவள் கை எழுதத் தொடங்கியதே கிடையாது. துண்டறிக்கை எழுதிப் பழகிய கை. தனி அறையில் உட்கார்ந்தாலும் எதிரே ஒரு கூட்டம் வெயிலில் நிற்பதாக நினைத்தால்தான் அதற்கு எழுத்து வரும். போனில் சொன்னதும் பிரமசக்தி சிரித்தாள், அச்சகத்து இயந்திரச் சத்தத்தையும் மீறி. "ஏன் சித்தி, ஆச்சி செத்ததுக்குமா தோழர்களே?" "அவளும் உப்பு சுமந்தவதானட்டி. சிரிக்காத. இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு." "ஒவ்வொண்ணாத் திறந்து மேல ஒரு தலைப்பு போடுங்க. மறுபடி ஓட்டுங்க. சாயங்காலத்துக்குள்ள முடியுமா?" முடியும் என்றாள். முடியுமா என்று யார் கேட்டாலும் முடியும் என்று சொல்லிவிட்டு அப்புறம் வழி தேடுவதுதான் அவள் நாளது வரைக்கும் செய்துவந்த அரசியல். மேசை ஓரத்தில் துண்டுச் சீட்டுக் கட்டு இருந்தது. அச்சாகி வந்து ரப்பர் பட்டையில் கட்டி வைத்தது. அதில் ஒரே வரி, வலைப்பூவின் முகவரி மட்டும். வலைப்பூ பிறக்கும் முன்னே சீட்டு அடித்தாயிற்று. நாளைக் குறித்துவிட்டால்தான் வேலை நடக்கும். சாயங்காலம் உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் பொன்விழா. மண்டப வாசலில் நின்று உள்ளே போகிற ஒவ்வொரு கையிலும் ஒன்றைத் திணிப்பது என்று முடிவு செய்தாகிவிட்டது. உள்ளே மேடையில் விழா மலர் வெளியிடுவார்கள். வெளியிடட்டும்.

மலரை அவள் முன்னாலேயே படித்துவிட்டாள். பிரமசக்தி வேலை செய்யும் அச்சகத்தில்தான் அது பக்கம் கட்டப்பட்டது, ஒரு நகலை அவள் புடவைக்குள் சுருட்டிக்கொண்டு வந்து காட்டியிருந்தாள். வழவழத்த தாள். ஞானதுரை மாலையோடு, ஞானதுரை ஒலிபெருக்கியோடு, ஞானதுரை மந்திரியோடு. உப்பளப் பெரும் போராட்டத்துக்கு ஒரு பக்கம் முழுசாக ஒதுக்கியிருந்தார்கள், தலைவர் ஞானதுரை வழிநடத்தினார், தலைவர் ஞானதுரை அறைகூவினார் என்று. அந்தப் பக்கத்தின் அடியில், இடம் மிச்சம் கிடந்ததால் போட்டது போல ஒரு வரி, பெண்களும் திரளாகக் கலந்துகொண்டனர். கலந்துகொண்டனர். கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைச் சொல்வது மாதிரி. அந்த ஒரு சொல்தான் தொண்டையில் மீன்முள் மாதிரிக் குத்தி நிற்கிறது, சோற்றை உருட்டி விழுங்கினாலும் இறங்கவில்லை. வேலைக்குப் போகமாட்டோம் என்று முதல் நாள் உப்பு சுமக்கும் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலே உட்கார்ந்தது பெண்கள். ஆண்கள் அன்று மதியம் வரைக்கும் வேலை பார்த்தார்கள். ஞானதுரை அப்போது வக்கீலிடம் குமாஸ்தா, விஷயம் கேள்விப்பட்டு மூன்றாம் நாள் சைக்கிளில் வந்தவன். இதையெல்லாம் அவள் தட்டெழுதி வைத்திருந்தாள், மூன்று வருஷமாக, பிரமசக்தி கழித்துப்போட்ட இந்தக் கணினியில், எந்த அலங்காரமும் இல்லாத வெறும் எழுத்துக் கோப்புகளாக. தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, வண்ணம் எதுவும் வேண்டாம் சித்தி, சும்மா தட்டுங்க, மேலே தலைப்பு, நடுவில் ஒரு வரி இடைவெளி விட்டால் புதுப் பத்தி, அவ்வளவுதான் சட்டம் என்றிருந்தாள் பிரமசக்தி. சண்முகக்கனிக்கு அது பிடித்துப்போயிற்று. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தது சாணித்தாள் துண்டறிக்கைகள்தான். கூலி என்ற சொல்லையும் சுரண்டல் என்ற சொல்லையும் ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். மற்றவர்கள் அணிலையும் ஆட்டையும் எழுத்துக்கூட்டிய வயசில் அவள் வேலைநிறுத்தத்தை எழுத்துக்கூட்டினாள். வெறும் எழுத்தில் நிற்காத விஷயம் வண்ணத்திலும் நிற்காது.

ஒவ்வொன்றாகத் திறந்தாள். விளியை அழித்துவிட்டுத் தலைப்பு. கவிழ்த்த பெட்டிகள். தொட்டியில் தண்ணீர் வந்த நாள். அம்மா. மழையில் அளம் மூடினால் வயிற்றை எங்கே மூடுவது என்பதைச் சற்று யோசித்து, நீளம் என்று பாதியை வெட்டி, மழைப்படி என்று வைத்தாள். விரல் மூட்டுகள் வலித்தன. வெளியே ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போயிற்று. அழிக்கும் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் தோழியர்களே முதலில் போகிறார்கள், அப்புறம் தோழர்களே, கடைசியாக உழைக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கூட்டத்தைக் கலைந்து போகச் சொல்வது போலிருந்தது, போலீஸ்காரன் செய்கிற வேலையை நான் செய்கிறேனே என்று ஒரு சிரிப்பும் வந்தது. போகட்டும், போய்விட்டு வாசலுக்கு வரட்டும், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். இப்படியே வந்து வந்து, கடைசியாக, முகப்பில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்க வேண்டும் என்று அவள் வைத்திருந்த கோப்பைத் திறந்தாள். உழைக்கும் தோழர்களே, தோழியர்களே. அழித்தாள். அதற்குக் கீழே இருந்தது இது: அளத்திலிருந்து சாலைக்கு ஏறுகிற மண்பாதையில், உப்பு ஏற்றிய லாரியை வெளியே விடமாட்டோம் என்று குறுக்கே படுத்துக் கிடந்த நம் வீரத் தோழி ஒருவரை, பின்னால் எடுப்பது போல் எடுத்து முன்னால் விட்டு ஏற்றிக் கொன்றார்கள். விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். வீரத் தோழி ஒருவரை. தலைப்பில் அவள் பெயரைப் போட வேண்டும், வேறு என்ன போட முடியும். விரலை வைத்தாள். விரல் நின்றது. நெட்டச்சி என்று வந்தது. உயரமானவள், அதனால் எல்லோருக்கும் நெட்டச்சி, அது பட்டப்பெயர். அவள் பெயர்.

அவள் பெயர். சண்முகக்கனி மின்விசிறியைப் பார்த்தாள், அது சுற்றிக்கொண்டிருந்தது. கோப்பை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள், எங்காவது தட்டியிருப்போம் என்று. கிழக்குப் பாத்தித் தோழி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த தோழி, வயதான தோழர், உப்பு அம்பாரத்தின் மேலே நின்று கொடியைக் காட்டிய தோழர். பெயர் இல்லை. மற்றக் கோப்புகளைத் திறந்தாள், அங்கேயும் ஒரு தோழர், ஒரு தோழி, ஒரு தோழர். இத்தனை பேரும் நடக்கிறார்கள், கத்துகிறார்கள், அடி வாங்குகிறார்கள், ஒருவருக்கும் பெயர் கிடையாது. இது கணினி செய்தது இல்லை. பெயரைப் போட்டால் மறுநாள் கணக்கப்பிள்ளை அவர்களை அளத்துக்குள் விடமாட்டான், துண்டறிக்கையில் பெயர் வரக் கூடாது, கையெழுத்து வரக் கூடாது, அடியில் இவண் உப்பளத் தொழிலாளர்கள், அவ்வளவுதான். அது இயக்கத்தின் சட்டம். அவளே போட்ட சட்டம், நல்ல சட்டம், அதனால் எத்தனை அடுப்பு அணையாமல் எரிந்தது. மூன்று வருஷமாக யாருக்கும் பயப்படாமல் தன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதும்போதும் கை அதே சட்டத்தைத்தான் பிடித்திருக்கிறது. மற்றவர்களுக்குப் பெயர் தெரியும், ஒவ்வொருவராக நிரப்பிவிடலாம், அந்தக் குழந்தைக்காரி பாக்கியம், கொடிக்காரர் இசக்கிமுத்து. நெட்டச்சி மட்டும் நெட்டச்சியாகவே நிற்கிறாள். முகம் தெரிகிறது. முன்பல்லில் இருந்த இடைவெளி தெரிகிறது. உப்புத் தண்ணீரில் வெடித்த குதிகாலில் அவள் வேப்பெண்ணெய் தடவுகிற வாடை வருகிறது. பெயர் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக, வெயிலில் உப்புப் பாத்தியைப் பார்த்தால் கண் கூசுமே, அப்படி இருக்கிறது. அப்போதுதான் அந்தப் பயம் வந்தது, இது முதல் பெயரோ, இனி ஒவ்வொன்றாகப் போகுமோ, அம்மாவுக்குக் கடைசியில் அப்படித்தான் போயிற்று, சுற்றி நிற்கிற பிள்ளைகளைப் பார்த்து யாரு நீங்க எல்லாரும் என்று மரியாதையாகக் கேட்டாள். இல்லை, அப்படியெல்லாம் விடக் கூடாது, பயத்துக்கு நாற்காலி போட்டால் அது உட்கார்ந்துவிடும். போலீஸ் நிலையத்தில் பழைய வழக்குத்தாளில் பெயர் இருக்கலாம், ஆனால் அது இன்றைக்குக் கிடைக்கிற காரியம் இல்லை. அவள் தங்கச்சிமார் இரண்டு பேரும் கல்யாணமாகி மலையாளத்துப் பக்கம் போனவர்கள், எங்கே என்று தெரியாது. தெரிந்திருக்கக் கூடியவன் ஒருத்தன்தான் இந்த ஊரில் மிச்சம், ஞானதுரை. சண்முகக்கனி போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். அவனோடு பேசி வருஷக்கணக்காயிற்று. எனக்காகவா பேசப்போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எண்ணை அமுக்கினாள்.

"யாரு, கனியக்காவா? நம்பர் மாறி வந்துட்டுதோன்னு பாத்தேன்."

"மாறல. ஒண்ணு கேக்கணும்."

"மலர்ல உங்க போட்டோ போட்டிருக்கோம்க்கா. கடைசிக்கு முந்தின பக்கம்."

"பாத்தேன். ஊர்வலத்துல நிக்கிற போட்டோ. என் தலையச் சுத்தி ஒரு வட்டம் போட்டிருந்தா எனக்கே நாந்தான்னு தெரிஞ்சிருக்கும். அதுக்குக் கூப்பிடல. லாரியில அடிபட்டுப் போனாள்லா நெட்டச்சி, அவ பேரு என்ன?"

அந்தப் பக்கத்தில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது, மண்டபத்தில்தான் நிற்கிறான் போலிருக்கிறது.

"நெட்டச்சிதான," என்றான் ஞானதுரை.

"பேரு கேக்குதேன்."

"பேருன்னா... எல்லாரும் அப்படித்தானக்கா கூப்பிடுவாவ."

"இரங்கல் கூட்டத்துல ஒரு மணி நேரம் பேசுனிய. ஊரே அழுதுது. யாருக்குன்னு தெரியாமலா பேசுனிய?"

"வீரத் தோழின்னுலா பேசுனேன்," என்றான், குரல் கொஞ்சம் தடித்தது. "நீங்கதான எழுதிக் குடுத்திய. பேரு வரக் கூடாது, தங்கச்சிமாரு ரெண்டும் அதே அளத்துல நிக்கி, வெளிய தள்ளிருவானுவன்னு நீங்கதான சொன்னிய. நான் ஒரு எழுத்துக் கூட்டிக் குறைச்சிப் பேசலையே."

"இல்ல. கூட்டிக் குறைக்கல."

"சரியாத்தான சொன்னிய அப்ப."

"சரியாத்தான் சொன்னேன்."

"பொறவு என்ன. எதுக்கு இப்ப இது?"

"எழுதுதேன். இன்டர்நெட்டுல."

அவன் சிரித்தான், கெட்ட சிரிப்பு இல்லை, களைத்த சிரிப்பு. "யாருக்கா படிப்பா அத? நெட்டச்சின்னே போட்டுருங்க."

"நாம கூப்பிடலாம் நெட்டச்சின்னு. ஊரு கூப்பிடக் கூடாது."

"உங்க இஷ்டம். சாயங்காலம் வருவியள்லா? மேடையில ஒரு நாற்காலி போடச் சொல்லுதேன்."

"வருவேன். வாசல்ல நிப்பேன். நாற்காலியெல்லாம் நீங்களே வச்சிக்கிடுங்க."

போனை வைத்த பிறகும் காது சுட்டது. அவனுக்கும் தெரியவில்லை. அதில் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது, அதை உடனே அடக்கினாள், சீ, இதிலா ஜெயிக்கிறது. நீங்கதான எழுதிக் குடுத்திய. உண்மைதான். அவன் வாய் மட்டும், சொல் அவளுடையது. வேறு யார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? புருஷன் ஏட்டி என்றான். தங்கச்சிகள் அக்கா என்றார்கள். நாங்கள் நெட்டச்சி என்றோம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவன் ஒரே ஒருவன், கங்காணி சுடலையாண்டி. நினைத்ததும் வாயில் கசந்தது. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் வரப்பு மேலே நின்று, வெற்றிலை வாயோடு மூக்கால் பெயர் கூப்பிடுவான், எல்லோரும் அவரவர் பெயருக்கு இருக்கேன் என்று குரல் கொடுக்க வேண்டும், தாமதித்தால் அரை நாள் போச்சு. வரிசை மாறாது, மழைக்கும் மாறாது, மாசிக்கும் மாறாது. ஒருத்தி வராவிட்டால்தான் மாறும். போராட்டம் முடிந்து, கேட்டது பாதி கிடைத்து, மறுபடி வேலைக்குப் போன முதல் நாள் காலை நினைவுக்கு வந்தது, அதை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. அன்று சுடலையாண்டி நெட்டச்சியைத் தாண்டி நேரே அவளுக்கு அடுத்தவள் கனகைக் கூப்பிட்டான். கனகு பதில் சொல்லவில்லை. அந்தப் பெண் எப்போதும் நெட்டச்சியின் குரலைக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பாள், பழக்கம், அன்றைக்கும் அந்தக் குரலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். வராத குரலுக்கு. அவளுக்கு அரை நாள் வெட்டினான். சண்முகக்கனி வரப்பில் ஏறிப் போய் அவன் முகத்துக்கு நேரே கையை நீட்டிச் சண்டை போட்டாள். ஆகவே கனகுக்கு முந்தினது நெட்டச்சி. நெட்டச்சிக்கு முந்தினது யார்? யோசித்தாள். நான். நான்தான். அதனால்தான் தெரியவில்லை. தன் பெயருக்கு இருக்கேன் என்று சொன்ன கையோடு குனிந்து பெட்டியை எடுக்கப் போய்விடுவாள், அடுத்த பெயர் எப்போதும் அவள் குனிந்த முதுகின் மேல் விழுந்து, கேட்காமலே சரிந்து போயிருக்கிறது, அத்தனை வருஷமும், ஒவ்வொரு விடியலிலும்.

சண்முகக்கனி எழுந்தாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள், பக்கத்து வீட்டுக்காரி பார்த்தால் கிழவிக்கு முற்றிவிட்டது என்பாள், சொல்லட்டும். கொடியில் கிடந்த துண்டை உருவித் திருகிச் சும்மாடாகச் சுருட்டினாள். கை மறக்கவில்லை. தலையில் வைத்ததும் கழுத்து தானாகவே நிமிர்ந்தது. நடுக்கூடத்தில் நின்று, கங்காணியைப் போல மூக்கை இழுத்துக்கொண்டு கூப்பிட்டாள். வாழ்நாள் முழுக்க வெறுத்த குரலைத் தன் வாயிலிருந்து வரவழைக்கக் கூச்சமாக இருந்தது, முதல் தடவை சரியாக வரவில்லை. பாக்கியம். இருக்கேன். முத்துப்பேச்சி. இருக்கேன். சம்முகக்கனி. தன் பெயரைத் தானே அந்தக் குரலில் கேட்டபோது முதுகு சிலிர்த்தது. இருக்கேன் என்றாள். குனிந்தாள். ஒன்றும் வரவில்லை. கனகு என்றுதான் வந்தது. மறுபடி. பாக்கியம், முத்துப்பேச்சி, சம்முகக்கனி, இருக்கேன், குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொண்டது, கனகு. நடுவில் ஏதோ விடுபடுகிறது, பெயர் மட்டும் இல்லை, பெயருக்கு முன்னால் ஏதோ. அவள் குனிந்தபடியே நின்று கேட்டாள். துப்புவான். ஆம், அந்த இடத்தில் வெற்றிலைச் சாற்றைத் துப்புவான், வாயைக் காலி செய்துகொள்வான், ஏனென்றால் அந்தப் பெயர் நீளம், வாயில் வெற்றிலையோடு அதைச் சொல்ல முடியாது, துப்பிவிட்டு மூச்சை ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வான். சண்முகக்கனி நிமிர்ந்தாள். பாக்கியம். முத்துப்பேச்சி. சம்முகக்கனி. இருக்கேன். குனிந்தாள், பெட்டியின் பனைநார் விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் விரல் மடங்கிப் பிடித்தது, வாயைக் காலி செய்வது போலத் துப்பினாள், மூச்சை இழுத்தாள், இழுத்த மூச்சு வெளியே போகும்போது தன்னோடு அதையும் கொண்டு வந்து முதுகின் மேல் போட்டது. உச்சினிமாகாளி. இருக்கேன் என்று ஒரு நீளமான, சோம்பலான குரல், பல்லிடைவெளியில் காற்று ஊத. கனகு. இருக்கேன்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம், அந்தச் சுடலையாண்டி மேலே போட்டுப் பார்த்தாள், முழுசாகப் பொருந்தவில்லை. அரை நாள் வெட்டுவதற்காக அவன் ஒரு பெயரைத் தவறாமல் வைத்திருந்தான். காப்பாற்றுவதற்காக நாங்கள் ஒளித்தோம், ஒளித்த இடத்தையும் தொலைத்தோம். ஒளித்தது தப்பில்லை, மறுபடி சொல்லுவேன், அன்றைக்கு அதுதான் சரி. அன்றைக்கு. தங்கச்சிமாரை இன்றைக்கு எந்தக் கணக்கப்பிள்ளையும் வெளியே தள்ள முடியாது, அந்தக் கணக்கப்பிள்ளை செத்து, அளமும் பாதி கைமாறிவிட்டது, எதிரி போன பிறகும் யாருக்குக் காவல் நிற்கிறோம். நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். கோப்பு திறந்தபடியே இருந்தது, மேலே வெற்று வரி, அதில் கோடு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. உச்சினிமாகாளி என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். கீழே இறங்கி, நம் வீரத் தோழி ஒருவரை என்பதை அழித்தாள், உச்சினிமாகாளியை என்று வைத்தாள். வாக்கியம் முன்னைவிடச் சின்னதாகி, முன்னைவிடக் கனத்தது. பிறகு இன்னொன்று ஞாபகம் வந்தது. பக்கத்தின் அடியில் எழுதியவர் பெயர் வர ஓர் இடம் உண்டு என்று பிரமசக்தி சொல்லியிருந்தாள், அதில் அவள் பழக்கதோஷத்தில் இவண் உப்பளத் தொழிலாளர்கள் என்று போட்டு வைத்திருந்தாள். அதையும் அழித்தாள். அந்தச் சொற்களுக்கு மட்டும் பொத்தானை அமுக்கிப் பிடிக்கவில்லை, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தட்டி அழித்தாள். சண்முகக்கனி, பாத்தியில் உப்பு சுமந்தவள், துண்டறிக்கை எழுதியவள் என்று போட்டாள். யாராவது வழக்குப் போட்டால் வீடு தேடி வரட்டும், முகவரியும் கொடுக்கத் தயார். கறுப்புத் திரைக்குப் போய் அந்த ஒற்றைச் சொல்லைத் தட்டினாள். ஓடியது. அடுத்ததையும் தட்டினாள், இணையத்துக்கு அனுப்புகிற சொல்லை. அதுவும் ஓடியது. சீட்டுக் கட்டிலிருந்து ரப்பர் பட்டையை உருவிக் கையில் மாட்டிக்கொண்டு, பிரமசக்திக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி, உன் போன்ல திறந்து பாரு. வருதா?"

"இருங்க சித்தி. சுத்துது... வந்துட்டு. நல்லாருக்கு, தலைப்பெல்லாம் மாத்திட்டிய."

"மேல முதல்ல இருக்கறத வாசி."

"உச்சினிமாகாளி." அவள் அதை மெதுவாகத்தான் வாசித்தாள், நீளமான பெயர். "யாரு சித்தி இது?"

"கீழ இருக்கு," என்றாள் சண்முகக்கனி, செருப்பைத் தேடிக்கொண்டே. "சத்தமா வாசி. அச்சகத்துல நிக்கிற எல்லாருக்கும் கேக்கட்டும்."